அவகேடோ கன்றை முதல் மூன்று வருடம் காப்பாற்றுவது எப்படி?

அவகேடோ வைத்து இழந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். வாங்கி வந்த முதல் மாதம் கன்று பளபளவென்று இருந்தது, அடுத்த மாதம் இலை நுனி கருகியது, அப்புறம் இலைகள் சோர்ந்து தொங்கின, தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று கூடுதலாக ஊற்றினார்கள், ஒரு நாள் போய்ப் பார்த்தால் வெறும் குச்சி நிற்கிறது. என் முதல் கன்றும் இப்படித்தான் போனது. முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, அடியில் தொழு உரம் கொட்டி, தினமும் காலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். பட்டுப்போன கன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது, வெளுப்பாக இருக்க வேண்டிய சல்லி வேர்களெல்லாம் கறுத்துப்போய், விரல் பட்டாலே ஒடிந்தன. மண் அப்போதும் சொதசொதவென்றுதான் இருந்தது. தாகத்தில் வாடுகிறது என்று நான் நினைத்த கன்று, வேருக்குக் காற்றில்லாமல் செத்திருக்கிறது.

அதனால் இங்கே இடம், நடவு, தண்ணீர், உரம் என்று எதைப் பற்றிச் சொன்னாலும் வேருக்கே திரும்பி வருவேன். புதிதாக அவகேடோ வைக்கிறவர்கள் அந்த வேரைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வேர் எப்படிப்பட்டது

மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்தான் இதன் தாயகம். அங்குள்ள காடுகளில் தரை முழுக்க உதிர்ந்த இலையும் மட்கிய குப்பையும் மெத்தை மாதிரி கிடக்கும். அந்த மெத்தைக்குள்ளேயும் அதற்குச் சற்றுக் கீழேயும் படர்ந்து பழகிய வேர் இது. சத்தையும் நீரையும் எடுக்கிற சல்லி வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 15, 20 சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கும். மற்ற செடிகளின் வேர் நுனியில் பஞ்சு மாதிரி இருக்குமே, அந்த வேர்த்தூவி இதற்கு அநேகமாகக் கிடையாது. அதனால் நீரை உறிஞ்சும் திறனும் குறைவு. கொஞ்சம் காய்ந்தாலும் தவிக்கும், கொஞ்சம் தேங்கினாலும் அழுகும்.

அழுகலுக்குக் காரணமான முக்கிய எதிரியின் பெயர் பைட்டோப்தோரா சின்னமோமி. பார்வைக்குப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் உண்மையான பூஞ்சை இனம் அல்ல, நீர்ப்பூஞ்சை என்று தனி வகை. இதன் வித்துகளால் நீந்த முடியும். தண்ணீர் நிறைந்த மண்ணில் நீந்தியே வேர் நுனியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். 1922இல் சுமத்ராவில் லவங்கப்பட்டை மரங்களில்தான் இதை முதலில் அடையாளம் கண்டு விவரித்தார்கள். லவங்கப்பட்டையும் அவகேடோவும் ஒரே குடும்பம். ஒருமுறை மண்ணுக்குள் வந்துவிட்டால் முழுதாக விரட்ட வழியில்லை. நம்மால் முடிந்தது, அது நீந்துவதற்குத் தேங்கிய தண்ணீரைத் தராமல் இருப்பதுதான்.

விதையா, ஒட்டுக்கன்றா

பழம் சாப்பிட்டுவிட்டு, கொட்டையில் நாலு குச்சி குத்தித் தண்ணீர் டம்ளரில் வைத்து முளைக்க வைத்த கன்று பலர் வீட்டில் இருக்கும். அதை வளர்ப்பதில் தப்பில்லை, பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அது காய்க்க ஏழெட்டு வருடமும் ஆகலாம், பத்துப் பன்னிரண்டு வருடமும் ஆகலாம். காய்த்தாலும் நீங்கள் சாப்பிட்ட பழம் மாதிரி இருக்காது, ஏனென்றால் விதையில் வருவது தாயின் நகல் அல்ல. நல்ல மரத்தின் குச்சியை எடுத்து ஒட்டுக் கட்டிய கன்று மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும், பழமும் என்ன ரகமோ அதே ரகம். பழம் வேண்டும் என்பவர்கள் ஒட்டுக்கன்றே வாங்குங்கள்.

உலகத்தில் அதிகம் விற்கும் ஹாஸ் ரகமும் தற்செயலாக முளைத்த ஒரு விதையில் வந்ததுதான் என்பது வேறு விஷயம். கலிஃபோர்னியாவில் லா ஹாப்ரா ஹைட்ஸ் என்ற இடத்தில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் 1920களில் ஊன்றிய விதை அது. அதன் மேல் வேறு ரகத்தை ஒட்டுக் கட்டப் பார்த்திருக்கிறார்கள், பிடிக்கவில்லை. அப்படியே விட்டதில் காய்த்த பழம் மிகவும் ருசியாக இருக்கவே 1935இல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு உலகம் முழுவதும் நிற்கிற ஹாஸ் மரங்கள் அத்தனையும் அந்த ஒரே மரத்திலிருந்து ஒட்டு வழியாகப் பரவியவை. அந்தத் தாய் மரத்தையும் கடைசியில் சாய்த்தது வேர் அழுகல்தான். 2002இல் வெட்டி எடுத்தார்கள். முக்கால் நூற்றாண்டு நின்ற மரத்தையே விட்டுவைக்காத நோய் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

ரகம் பார்க்கும்போது உங்கள் இடத்தின் தட்பவெப்பத்தையும் யோசியுங்கள். அவகேடோவில் மூன்று பெரிய இனங்கள் உண்டு. மெக்சிகோ இனம் குளிரை நன்றாகத் தாங்கும், இலையைக் கசக்கினால் பெரும்பாலும் சோம்பு வாசனை வரும். மேற்கிந்திய இனம் வெப்பத்துக்கும் புழுக்கத்துக்கும் ஏற்றது, உப்பு கலந்த மண்ணையும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ஆனால் உறைபனி ஆகாது. குவாத்தமாலா இனம் இரண்டுக்கும் நடுவில். நாம் வாங்கும் ரகங்களில் பல இவற்றின் கலப்பு. ஹாஸில் குவாத்தமாலாவும் மெக்சிகோவும் கலந்திருக்கின்றன.

வாங்கும்போது கன்று எவ்வளவு உயரம் என்று பார்க்காதீர்கள். ஒட்டுக் கட்டிய இடம் வீக்கமோ பிளவோ இல்லாமல் நன்றாகக் கூடியிருக்கிறதா, தண்டில் வெள்ளையாகப் பொருக்குப் படிந்தோ கறுத்துக் கசிந்தோ இருக்கிறதா, பையின் அடித்துளையில் எட்டிப்பார்க்கும் வேர் வெளுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். சின்னப் பையில் ஆள் உயரத்துக்கு நிற்கும் கன்றைவிட, முழங்கை உயரத்தில் தண்டு தடித்து நிற்கும் கன்று சீக்கிரம் வேர் பிடிக்கும்.

இடம்

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படுகிற இடம் வேண்டும். பலத்த காற்று நேராக அடிக்கும் மூலையாக இருக்கக் கூடாது, இதன் கிளைகள் முறுக்கேறாத கிளைகள், சட்டென்று ஒடியும். வளர்ந்தால் பெரிய மரம், எனவே சுவரிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் தள்ளி வையுங்கள். ஐந்து ஆறு மீட்டர் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் வருடா வருடம் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டி, அடக்கி வைக்க வேண்டிவரும். புல்தரைக்கு நடுவில் மட்டும் வேண்டாம். புல்லுக்குப் பாயும் தண்ணீர் இதற்கு அதிகம், புல்லின் வேரோ மேல்மண்ணிலேயே இதனோடு போட்டி போடும்.

இடத்தை முடிவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீரை நிரப்புங்கள். அது வடிந்ததும் இரண்டாவது முறை நிரப்பி, ஒரு குச்சியை ஊன்றி நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். இரண்டாவது முறைதான் கணக்கு, ஏனென்றால் முதல் தண்ணீரைக் காய்ந்த மண் வேகமாகக் குடித்துவிடும். மணிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இறங்கினால் பரவாயில்லை. அடுத்த நாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் தரைமட்டத்தில் நடாதீர்கள். மேடு கட்டித்தான் நட வேண்டும்.

சொல்லப்போனால் மண் எப்படி இருந்தாலும் மேடு கட்டி நடுவதையே நான் சொல்வேன். ஒன்று, ஒன்றரை மீட்டர் அகலம், 30 முதல் 50 சென்டிமீட்டர் உயரம், உச்சி தட்டையாக, ஓரம் சரிவாக. களிமண் நிலத்தில் மட்டும் இது கட்டாயம். மேட்டுக்குத் தோட்டத்து மேல்மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள், ரொம்ப இறுகிய மண்ணாக இருந்தால் கொஞ்சம் பருமணல் கலக்கலாம். லேசான அமிலத் தன்மை இதற்குப் பிடிக்கும், பிஎச் 6லிருந்து 6.5 வரை இருந்தால் அருமை. சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் பின்னால் இலை மஞ்சளாகும் தொல்லை வரும், அதைக் கீழே சொல்கிறேன்.

நடுவது

கடுங்கோடையிலும் கடுங்குளிரிலும் நடாமல், குளிர் விலகி வெயில் ஏறுவதற்கு முன்னால் உள்ள இடைப்பட்ட காலத்தில் நட்டால் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும். முந்தின நாளே பையில் தண்ணீர் ஊற்றித் தாய்மண்ணை, அதாவது பைக்குள் வேரைச் சுற்றியிருக்கும் மண்ணை, நனைத்துவிடுங்கள், காய்ந்திருந்தால் உதிர்ந்துபோகும்.

குழியின் ஆழம் தாய்மண்ணின் உயரத்துக்குச் சமமாகவோ இரண்டு சென்டிமீட்டர் குறைவாகவோ இருக்கட்டும், அகலம் மட்டும் இரண்டு மடங்கு. ஆழமாக வெட்டி அடியில் எருவும் குப்பையும் போட்டு நடுவது பல மரங்களுக்கு நாம் செய்து பழகிய வேலைதான், அவகேடோவுக்கு அது கெடுதல். அடியில் போட்ட எரு மட்க மட்க மண் கீழே இறங்கும், கன்றும் கூடவே இறங்கும், தூர் பள்ளத்துக்குள் போய்விடும், தண்ணீர் அங்கே தேங்கும். போதாததற்கு எரு தன்னிடம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள். சத்து மேலிருந்து இறங்கினால் போதும்.

பையை உருவாதீர்கள், கத்தியால் பக்கவாட்டில் கிழித்து விரியுங்கள். இந்த வேர் முறிந்தால் மெதுவாகத்தான் தேறும், அதனால் தாய்மண் உடையாமல் இரண்டு கையாலும் அடியில் தாங்கி இறக்குங்கள். வேர்கள் பைக்குள் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தால் வெளி ஓரத்தில் இருப்பதை மட்டும் விரலால் மெல்லப் பிரித்துவிடலாம், உள்ளே கை வைக்க வேண்டாம். தாய்மண்ணின் மேல்பக்கம் சுற்றியுள்ள மண்ணைவிட ஒரு விரல் உயரமாகவே நிற்க வேண்டும், ஒட்டுக் கட்டிய இடம் எந்தக் காலத்திலும் மண்ணுக்குள் போகக் கூடாது. மண்ணைத் தள்ளிக் கையால் அழுத்துங்கள், காலால் மிதித்து இறுக்காதீர்கள். உடனே நிதானமாகத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இருக்கும் வெற்றிடங்கள் தானாக நிரம்பிவிடும்.

நர்சரிக்காரர்கள் தண்டோடு ஒட்டிக் கட்டிய மெல்லிய குச்சி ஒன்று இருக்கும். அதை அப்படியே விட்டால் தண்டு தானாக நிற்கப் பழகாது. கன்றிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி இரண்டு கம்புகளை ஊன்றி, பழைய துணியை எட்டு மாதிரி சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். காற்றில் லேசாக ஆடட்டும், ஆட ஆடத்தான் தண்டு பருக்கும். தண்டு கொஞ்சம் பருத்ததும் பழைய குச்சியைக் கழற்றிவிடலாம்.

அடுத்தது வெயில். வளர்ந்த மரம் தன் இலையாலேயே தன் பட்டைக்கு நிழல் போட்டுக்கொள்ளும், கன்றுக்கு அது முடியாது. பச்சையாக இருக்கும் இளந்தண்டு நேர் வெயிலில் வெந்து, முதலில் வெளுத்துப் பிறகு பழுப்பாகப் பொசுங்கிவிடும். தண்ணீரில் கரையும் வெள்ளைச் சுவர் பெயின்ட்டைச் சம அளவு தண்ணீர் கலந்து தண்டிலும் வெயில் படும் கிளைகளிலும் பூசிவிடுங்கள். எண்ணெய் பெயின்ட் கூடாது. முதல் கோடைக்கு மட்டும் மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டினால் இன்னும் நல்லது, ஆனால் கன்றை மூடிப் பொதியாதீர்கள், காற்று ஓட வேண்டும்.

மூடாக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். காட்டில் இருந்த மெத்தையை நாம் திரும்பப் போட்டுக்கொடுக்கிறோம். காய்ந்த இலை, உடைத்த சுள்ளி, மரச்சில்லு, எது கிடைக்கிறதோ அதை மேடு முழுவதும் 10 முதல் 15 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பரப்புங்கள். பொடியானதைவிடக் கரடுமுரடானது நல்லது, காற்று உள்ளே போகும். வெட்டிய பச்சைப் புல்லை மட்டும் தடிமனாகக் குவிக்காதீர்கள், சூடேறி அழுகி மூடி மாதிரி படிந்துவிடும்.

தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வெற்று மண் தெரிய வேண்டும். மூடாக்கு தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் பட்டை ஈரத்திலேயே கிடந்து அழுகும்.

சில மாதம் கழித்து மூடாக்கை லேசாக விலக்கிப் பாருங்கள், மண்ணும் குப்பையும் சேரும் இடத்தில் வெளுப்பான சல்லி வேர்கள் மேல் நோக்கி வந்து மேய்ந்துகொண்டிருக்கும். எனக்கு அதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் பழத்தைப் பார்க்கும்போதுகூட வருவதில்லை. பார்த்துவிட்டு மறுபடி மூடிவிடுங்கள். வேர் இவ்வளவு மேலே இருப்பதால்தான் கன்றைச் சுற்றிக் கொத்தவே கூடாது என்கிறேன். களை வந்தால் கையால் பிடுங்குங்கள், களைக்கொத்து வேண்டாம். உதிரும் அவகேடோ இலைகளையும் கூட்டி எடுத்துவிடாமல் அங்கேயே விடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை மேலே புதிதாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் போதும்.

தண்ணீர்

எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று எல்லோரும் கேட்பார்கள். நாள் கணக்கு சொன்னால் தப்பாகிவிடும், விரல் கணக்குதான் சரி. மூடாக்கை விலக்கி, தாய்மண் இருக்கும் இடத்தில் சுட்டுவிரலை முழுதாக உள்ளே விடுங்கள். விரல் நுனியில் குளிர்ச்சியான ஈரம் தட்டினால் இன்றைக்கு வேண்டாம். மேலே காய்ந்து, விரல் நுனியில் லேசான ஈரம் மட்டும் இருந்தால் ஊற்றுங்கள்.

இதில் புதியவர்களை ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. பையிலிருந்து வந்த தாய்மண் வேறு கலவை, உங்கள் தோட்டத்து மண் வேறு. முதல் சில மாதம் வேர் எல்லாம் தாய்மண்ணுக்குள்ளேயே இருப்பதால் அது மட்டும் வேகமாகக் காயும், சுற்றியுள்ள மண்ணோ ஈரமாகவே இருக்கும். நீங்கள் ஓரத்தில் விரல் விட்டுப் பார்த்து ஈரம் இருக்கிறது என்று விட்டுவிட்டால் நடுவில் கன்று காய்ந்துகொண்டிருக்கும். அதனால் முதல் இரண்டு மூன்று மாதம் தாய்மண்ணின் மேலேயே, கொஞ்சமாக, சற்று அடிக்கடி ஊற்றுங்கள். வெயில் காலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒரு முறைக்கு ஐந்தாறு லிட்டர் என்று தொடங்கி, மண்ணைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். புதுத் துளிர் வந்து வளரத் தொடங்கியதும் தண்ணீரைத் தண்டிலிருந்து தள்ளிக் கிளைகளின் விளிம்பு வரை அகலமாக விடுங்கள், இடைவெளியையும் கூட்டுங்கள். வேர் தண்ணீரைத் தேடி அகலமாகப் போகும். மழை பெய்தால் ஊற்ற வேண்டாம், மேட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் வெட்டிவிட்டால் போதும்.

அதிகத் தண்ணீரால் வாடும் கன்றும் தண்ணீரில்லாமல் வாடும் கன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் இதில் பெரிய சிக்கல். வேர் அழுகினால் உறிஞ்ச ஆளில்லை, தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டே இலை தாகத்தில் தொங்கும். எனவே இலை தொங்கியதைப் பார்த்ததும் குழாயைத் திறக்காதீர்கள். முதலில் விரலை விடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், மறுநாள் காலைக்குள் நிமிர்ந்துவிடும். ஈரமாக இருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு, மூடாக்கைச் சில நாள் ஓரமாகத் தள்ளி மண்ணைக் காற்றாட விடுங்கள். கடும் வெயிலில் மதியம் இலை கொஞ்சம் சுருண்டு மாலையில் சரியாகிவிட்டால் அது வேறு, அதற்காகப் பதற வேண்டாம்.

உப்புத் தண்ணீர் இதற்கு ஆகவே ஆகாது. குறிப்பாகக் குளோரைடு வேர் வழியாக ஏறி இலை நுனியில் சேர்ந்துகொள்ளும், நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகும். கிணற்று நீரோ குழாய் நீரோ உப்புக் கரித்தால், மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்றுவதுதான் சிறந்தது. அது முடியாதவர்கள் மாதம் ஒரு முறை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக விட்டு, சேர்ந்த உப்பை வேருக்குக் கீழே தள்ளிவிட வேண்டும். நன்றாக வடியும் மேடாக இருந்தால்தான் இது சரிப்படும்.

உரம்

நட்ட அன்றைக்கு உரம் கிடையாது. முதல் துளிர் வந்து, முற்றி, அடுத்த துளிர் வருகிற வரை பொறுங்கள். அதற்கப்புறமும் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாகக் கொடுப்பதே இதற்கு ஒத்துவரும். மண்புழு உரமோ நன்றாக மட்கிய தொழு உரமோ இரண்டு கைப்பிடி, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, தண்டைத் தொடாமல் மூடாக்கின் கீழ் தூவினால் முதல் வருடத்துக்குப் போதும். மட்காத கோழி எரு வேண்டாம், உப்பும் சூடும் அதிகம், மேலே மேயும் வேர்களைப் பொசுக்கிவிடும். ரசாயன உரம் போடுபவர்கள் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதியோடு தொடங்குங்கள், மண் ஈரமாக இருக்கும்போது போட்டு மறுபடி தண்ணீர் விடுங்கள். இதற்கு முக்கியமாக வேண்டியது தழைச்சத்து, கூடவே துத்தநாகம்.

இலை என்ன சொல்கிறது

புதுத் துளிர் செம்பு நிறத்தில், தொய்ந்துபோய் வரும். முதல் தடவை பார்ப்பவர்கள் நோய் என்று பயந்துவிடுவார்கள், அது நோயே இல்லை, ஓரிரு வாரத்தில் பச்சையாகி விறைத்துக்கொள்ளும். பூக்கும் பருவத்தில் பழைய இலைகள் மஞ்சளாகிக் கொட்டுவதும் இயல்பு, பின்னாலேயே புது இலை வரும்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று அர்த்தம். மண்ணில் இரும்பு இல்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சுண்ணாம்பு மண்ணில் இருக்கிற இரும்பும் வேருக்கு எட்டாது, ஈரம் அதிகமான மண்ணிலும் அப்படித்தான். முதலில் தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள், பிறகு கிலேட் வடிவ இரும்பை, அதாவது வேர் எடுத்துக்கொள்ளத் தோதாகத் தயாரித்த இரும்பு உரத்தை, பற்றி யோசிக்கலாம். இலை சிறுத்து, குறுகி, நரம்புகளுக்கு நடுவில் திட்டுத் திட்டாக வெளுத்தால் துத்தநாகக் குறை. முதிர்ந்த இலையெல்லாம் ஒட்டுமொத்தமாக வெளிர்பச்சையானால் தழைச்சத்து போதவில்லை. இலை சிறுத்து வெளிறி, துளிரே வராமல், கிளை நுனி காய்ந்துகொண்டே வந்தால் மேலே எதையும் தேடாதீர்கள், வேரைத் தோண்டிப் பாருங்கள்.

பூச்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலையின் அடியில் மாவுப்பூச்சி, செதில் பூச்சி, சிலந்திப்பேன் வரலாம், வாரம் ஒரு முறை இலையைத் திருப்பிப் பார்த்து, இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், அடங்கவில்லை என்றால் மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல். தண்டில் எறும்பு வரிசை ஏறுகிறது என்றால் மேலே மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள், எறும்புகள்தான் அவற்றைக் காவல் காக்கும். தண்டில் ஊசித் துளையும் அதைச் சுற்றி வெள்ளைப் பொடியும் தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், அது துளைப்பான் வண்டாக இருக்கலாம்.

ஆடு, மாடு, குதிரை, முயல், வளர்ப்புப் பறவைகள் உள்ள வீடுகளில் ஒரு எச்சரிக்கை. அவகேடோ இலையிலும் பட்டையிலும் பெர்சின் என்ற நச்சு இருக்கிறது, இந்தப் பிராணிகளுக்கு அது இதயத்தையே பாதிக்கும். வெட்டிய கிளைகளைத் தீவனமாகப் போட்டுவிடாதீர்கள், கன்றைச் சுற்றி வேலியும் கட்டுங்கள்.

கவாத்தும் பூவும்

முதல் இரண்டு வருடம் கத்தரிக்கோலுக்கு அதிகம் வேலையில்லை. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்துகளை மட்டும் பார்த்ததும் கிள்ளிவிடுங்கள், விட்டால் அவை மேலே ஏறி ஒட்டு ரகத்தையே அமுக்கிவிடும். ஒரே குச்சியாக நெடுநெடுவென்று போனால் இடுப்பு உயரத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும். கீழ்க்கிளைகளைத் தூக்கலாக வெட்டி மரம் மாதிரி ஆக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள், அவைதான் தண்டுக்கும் வேருக்கும் நிழல்.

ஒட்டுக்கன்று சில சமயம் முதல் வருடமே பூக்கும். ஆசையாகத்தான் இருக்கும், ஆனாலும் பூவைக் கிள்ளிவிடுங்கள், தப்பிப் பிஞ்சு பிடித்தால் அதையும். காயை வளர்க்கும் சக்தி வேருக்கும் கிளைக்கும் போகட்டும். மூன்றாம் வருடத்திலிருந்து ஒன்றிரண்டை விட்டுவைக்கலாம். அப்போதும் பூத்ததில் நூற்றில் ஒன்றுகூடக் காயாக நிற்காது, பிஞ்சு கொத்துக் கொத்தாகக் கொட்டும், அது மரத்தின் இயல்பு.

இதன் பூ விசித்திரமானது. ஒவ்வொரு பூவும் இரண்டு முறை திறக்கும், முதலில் பெண்ணாக, அடுத்த நாள் ஆணாக. ஏ வகை ரகங்கள் காலையில் பெண்ணாகத் திறந்து மூடி, மறுநாள் மதியத்துக்கு மேல் ஆணாகத் திறக்கும். பி வகை மதியத்துக்கு மேல் பெண், மறுநாள் காலை ஆண். ஹாஸும் ரீடும் ஏ, ஃபுயர்ட்டேவும் பேக்கனும் பி. ஒரே மரம் இருந்தாலும் இரு நிலைகளும் சற்று மேற்படிவதால் காய்க்கத்தான் செய்யும், ஆனால் இடம் இருந்தால் இரண்டு வகையிலும் ஒவ்வொன்று வைத்தால் காய்ப்பு கூடும். தேனீக்கள் வர வேண்டும் என்பதால் பூக்கும் நாட்களில் மருந்து எதுவும் அடிக்காதீர்கள்.

உறைபனி விழும் இடத்தில் இருப்பவர்கள் முதல் இரண்டு குளிர்காலத்துக்கு இரவில் நாலு கம்பு நட்டுத் துணியால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பனியில் கருகிய கிளையை உடனே வெட்ட வேண்டாம், வெயில் காலம் தொடங்கித் துளிர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு வெட்டினால் போதும். கருகிவிட்டது என்று நினைத்த குச்சியின் நடுவிலிருந்து துளிர்த்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் காய் எப்போது பறிக்க வேண்டும் என்பதிலும் குழப்பம் வரும், ஏனென்றால் அவகேடோ மரத்திலேயே பழுக்காது, பறித்த பிறகுதான் கனியும். காய் தன் ரகத்துக்குரிய அளவு வந்து, தோலின் பளபளப்பு குறைந்ததும் ஒன்றை மட்டும் காம்போடு வெட்டி எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். பத்து நாளுக்குள் தோல் சுருங்காமல் மெத்தென்று கனிந்தால் மற்றதையும் பறிக்கலாம். சுருங்கி ரப்பர் மாதிரி ஆனால் இன்னும் முற்றவில்லை, மீதியை மரத்திலேயே விட்டு மூன்று வாரம் கழித்து இன்னொன்றைப் பறித்துப் பாருங்கள்.